தென்னை படம் போட்ட மஞ்சள் பனியன்

திருப்பூர் நெருப்பெரிச்சலில் வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீட்டில் குடியிருந்த குருசாமிக்கு ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் கால் தரையில் பாவாது. வாரமெல்லாம் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மிஷின் முன்னால் குனிந்த தலை நிமிராமல் தைத்த மனுசன், அன்றைக்கு வெள்ளென எழுந்து குளித்து, தலைக்கு எண்ணெய் வைத்து, பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விடுவார். எந்த வண்டி முதலில் கிளம்புகிறதோ அதில் ஏறுவார். கண்டக்டர் எங்கே என்று கேட்டால், "வண்டி கடைசியா எங்க போயி நிக்கும்? அந்த ஊருக்குக் குடுங்க" என்பார். கடைசி ஸ்டாப்பில் இறங்கி ஒரு டீயைக் குடித்துவிட்டு, ஆறு இருந்தால் ஆறு, மலை இருந்தால் மலை, ஒன்றும் இல்லாவிட்டால் அந்த ஊர்ச் சந்தை என்று பார்த்துவிட்டுத் திரும்புவார். துணைக்கு ஆள் கிடையாது. வேண்டுதல் கிடையாது. பார்ப்பது ஒன்றுதான் வேலை.

அது அவர்கள் வம்சத்தில் ஓடுகிற ரத்தம். விளாத்திகுளத்துப் பக்கம் கரிசக்காட்டு ஊர் அவர்களுடையது. அவருடைய அப்பா கிடை ஆடு பத்திக்கொண்டு மேற்கே மலையடிவாரம் வரை ஊர் ஊராகத் திரிந்தவர். பொங்கலுக்கு வீடு வந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. குருசாமியின் அம்மாவுக்குக் கூடப் பிறந்த தம்பியின் மகள்தான் வெள்ளையம்மாள். சிறு வயதிலிருந்தே இவனுக்கு இவள் என்று பேசி வைத்தது. கல்யாணம் முடிந்து, மழை இல்லாமல் காடு கருகிய ஒரு வருசத்தில், கைக்குழந்தை அனுசுயாவோடு இரண்டு பேரும் திருப்பூருக்கு வந்தார்கள். அவர் தையல். அவள் செக்கிங். தைத்து வரும் பனியனை மேசையில் விரித்து, உள்ளும் புறமும் திருப்பி, பிசிறு வெட்டி, குறை இருந்தால் தனியே எடுத்துப் போடுகிற வேலை.

ஞாயிறு பொழுது சாய வரும்போது குருசாமி கையில் ஏதாவது இருக்கும். ஆயக்குடிக் கொய்யாப்பழம், அமராவதி அணை மீன், பொங்கலூர்ப் பக்கத்துச் சின்ன வெங்காயம்.

"அடுத்த வாரம் நீயும் வா வெள்ளை. மலையில மேகம் எறங்கி வாரதைப் பார்க்கணும். ஆடு மேயுற மாதிரி மேயும்."

"துணி தொவைக்க ஆள் வருமா மச்சான், அந்த மேகத்துல இருந்து?"

"ஒரு நாள் அழுக்கா உடுத்துனா கம்பெனியில ரிஜெக்ட் பண்ணிருவாகளா?"

"உங்களை என்னைக்கோ ரிஜெக்ட் பண்ணியிருக்கணும், எங்க அய்யா கண்ணுல அந்தக் குறை படல" என்பாள். அவர் சிரிப்பார். அவள் போனதில்லை. அனுசுயாவைக் கட்டிக் கொடுத்த பிறகும், பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை என்று அரசாங்கம் சொன்ன பிறகும்கூடப் போனதில்லை. ஞாயிறு என்றால் துணி, தண்ணீர் பிடிப்பது, கொஞ்சம் தூக்கம். அப்படியே ஓடிவிட்டது.

மஞ்சள் பனியன் வீட்டுக்கு வந்தது இதற்கெல்லாம் பிறகு. வெளிநாட்டு ஆர்டர் அது. நெஞ்சில் கடலும், தண்ணீர் மேல் சாய்ந்து நிற்கிற ஒற்றைத் தென்னையும் அச்சடித்திருந்தது. நீலச் சாயம் மஞ்சளில் இறங்கிவிட்டது என்று வெளிநாட்டுக்காரன் அத்தனையையும் வேண்டாமென்று சொல்லிவிட்டான். அப்படி நின்றுபோன சரக்கை லாட்டாக, மொத்தமாக வாங்க வியாபாரிகள் வருவார்கள். அது ஊர் ஊராகப் போய்த் தெருவோரம் குவிந்து கிடக்கும். வேலை செய்கிறவர்களுக்கும் ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளச் சொன்னார் சூப்பர்வைசர் வேல்குமார்.

வெள்ளையம்மாள் எடுத்து வந்ததில் வலது அக்குளில் தையல் விட்டிருந்தது. வீட்டில் மஞ்சள் நூல் இல்லை. பச்சை நூலில் தைத்துக் கொடுத்தாள்.

குருசாமி அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்தார். "ஏ வெள்ளை, இந்த மரம் கொமரலிங்கத்துல இருக்கு. ஆத்துமேல இப்படித்தான் சாஞ்சு நிக்குது."

"வெள்ளைக்காரன் கொமரலிங்கத்துக்கு வந்து படம் பிடிச்சானாக்கும்?"

"பிடிச்சிருப்பான். அவனும் என்னைப் போலக் கடைசி ஸ்டாப்புல எறங்குனவனா இருப்பான்."

அன்றிலிருந்து அதுதான் அவருடைய ஞாயிற்றுக்கிழமைப் பனியன்.

பிறகு மறதி வந்தது. முதலில் கை மறந்தது. முப்பது வருசம் நூல் கோத்த மிஷினில் நூல் எந்த ஓட்டைக்குள் போக வேண்டும் என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். கம்பெனியில் நின்றுகொள்ளச் சொன்னார்கள். அடுத்து ஊர் மறந்தது. தாராபுரம் போனவரைப் பழனியில் யாரோ கண்டுபிடித்து ஏற்றிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் காட்டினாள். வயசான சிலருக்கு மூளை இப்படித் தேயும், தனியாக விடாதீர்கள் என்றார்கள்.

அவள் ஒரு வழி செய்தாள். துணியில் குறி போடுகிற ஊதாப் பேனா கம்பெனியில் உண்டு. தண்ணீர் பட்டால் அழிகிற மை. அந்தப் பேனாவால் மஞ்சள் பனியனின் உட்புறம் கீழ் மடிப்பில் தன் போன் நம்பரை எழுதினாள். துவைத்ததும் அழியும், மறுபடி எழுதுவாள். நூலில் தைத்துவிட வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பாள். கை ஒழியட்டும் என்று தள்ளிப்போகும்.

ஐப்பசியில் தீபாவளிக்கு முந்தின ஷிப்மென்ட். ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்கு வரச் சொன்னார்கள். குருசாமி தூங்கிக்கொண்டிருந்தார். கதவைச் சாத்திவிட்டு, பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனாள். மத்தியானம் சோறு போட வந்தபோது கதவு திறந்து கிடந்தது. கொடியில் மஞ்சள் பனியன் இல்லை. எண்ணெய்க் கிண்ணத்தில் விரல் தொட்ட தடம் இருந்தது.

போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூடவே வந்தவள் பிரிசில்லா. சாத்தான்குளத்துக்காரி, அதே மேசையில் எதிரே நின்று செக்கிங் செய்கிறவள். ஏட்டு எழுத உட்கார்ந்தார்.

"என்னங்கம்மா போட்டிருந்தாரு?"

வெள்ளையம்மாள் தங்குதடை இல்லாமல் சொன்னாள். "மஞ்சக் கலர் பனியன். வட்டக் கழுத்து, அரைக் கை. நெஞ்சுல தென்னமரம், கடலு. நீலம் கொஞ்சம் கசிஞ்சிருக்கும். வலது அக்குள்ல பச்சை நூல் தையல். உள்ளுக்குள்ள கீழ் மடிப்புல என் நம்பர் இருக்கு."

"ஆளு எப்படி இருப்பாரு?"

"எல்லாரையும் மாதிரிதான் இருப்பாக."

"எக்கா," பிரிசில்லா அவள் முழங்கையைப் பிடித்தாள். "பனியனைக் காங்கலன்னா வந்திருக்கோம்? மாமா மொகத்தைச் சொல்லுக்கா."

வெள்ளையம்மாள் வாயைத் திறந்தாள். இத்தனை வருசம் எதிரே இருந்த முகத்தை எந்த இடத்தில் ஆரம்பித்துச் சொல்வது என்று தெரியவில்லை. "மாநிறம்" என்றாள். போனில் இருந்த ஒரே படம் அனுசுயா கல்யாணத்தில் எடுத்தது. மீசைக்கும் தலைக்கும் மை பூசி, கழுத்தில் மாலை போட்டு, யாரோ ஒரு மாப்பிள்ளைபோல இருந்தார். அதையே கொடுத்தாள். ஒட்டிய நோட்டீசில் அந்தப் படமும், கீழே பெரிய எழுத்தில் மஞ்சள் பனியன் என்பதும் இருந்தன.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை அவளுக்கும் வீடு தங்கவில்லை. அனுசுயாவின் மாப்பிள்ளை தாராபுரம், பழனிப் பக்கம் வண்டியில் போய்த் தேடினார். மாப்பிள்ளை போகாத பக்கமெல்லாம் இவள் டவுன் பஸ்ஸில் போனாள். விடியலில் தயிர்ச்சோறு பிசைந்து இரண்டு பொட்டலமாகக் கட்டுவாள். கிடைத்துவிட்டால் பசியோடு இருப்பார் அல்லவா. ஒரு பஸ் முடிகிற இடத்தில் இறங்கி அடுத்த பஸ், அது முடிகிற இடத்தில் வேறொன்று. "எங்கம்மா போகோணும்?" என்று கண்டக்டர்கள் கேட்டால் அவள் வாயிலும் அதே பதில்தான் வந்தது. "கடைசியா எங்க நிக்கும்? அங்க."

தீபாவளிக்கு முந்தின ஞாயிறே கொமரலிங்கம் போனாள். சாய்ந்த தென்னை என்று அவர் சொன்னது மனசில் இருந்தது. உடுமலையிலிருந்து போகிற வழியெல்லாம் மழை. பஸ் ஜன்னலுக்கு வெளியே வயல் நிறையத் தண்ணீர். தெற்கே மலையைக் காணவில்லை, மேகம் மூடியிருந்தது. ஊரில் இறங்கி டீக்கடையில் கேட்டாள், ஆற்றில் துவைத்துக்கொண்டிருந்த பெண்களிடம் கேட்டாள்.

"தென்னை படம் போட்ட மஞ்சப் பனியன், பார்த்தீகளா?"

"மஞ்சப் பனியனுங்களா? இல்லீங்க அம்மிணி."

படத்தையும் காட்டினாள். உதட்டைப் பிதுக்கினார்கள். ஆற்றங்கரை மண்டபத்தில் ஓர் ஆள் சுவர்ப் பக்கம் திரும்பிச் சுருண்டு படுத்திருந்தான். வெள்ளைச் சட்டை. மேசையில் குறை இல்லாத பனியனைத் தள்ளுகிற மாதிரி அவள் கண் அதைத் தள்ளிவிட்டு அடுத்த இடத்துக்குப் போனது. மழை வலுத்தது. கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். மரத்தைத் தேடிப் பார்க்க நேரமில்லை.

அந்த மழைக்காலமும் பனிக்காலமும் அவள் போகாத ஊர் இல்லை. பொங்கலூருக்கு அந்தப் பக்கம் வெங்காயக் காட்டில் மஞ்சள் தெரிந்தது. பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கி ஓடினாள். குருவி விரட்ட நிறுத்திய பொம்மை. குச்சிக் கைகளில் அதே பனியன், அதே தென்னை. பல்லடம் சந்தையில் ஆட்டு வியாபாரி ஒருவர் அதைத்தான் போட்டிருந்தார். திருமூர்த்தி மலை அடிவாரத்தில் பனிக்கு ஒரு கன்றுக்குட்டிக்கு மாட்டிவிட்டிருந்தார்கள். அவள் கையால் புரட்டித் தள்ளிய லாட்டு, அவளுக்கு முன்னாலேயே ஊர் ஊராகப் போய் உட்கார்ந்திருந்தது. ஒவ்வொன்றிலும் வலது அக்குளைத்தான் பார்ப்பாள். பச்சை நூல் இருக்காது.

மடத்துக்குளத்தில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் மேலும் அதே பனியன். அவள் கிட்டே போய் அவர் கை உயரும்போது அக்குளை உற்றுப் பார்க்க, அவர் கூச்சத்தோடு பின்னால் நகர்ந்தார். விசயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டார்.

"ஏனுங்க, இந்தப் பனியன் போட்டவனெல்லாம் உங்க ஊட்டுக்காரருன்னா, இந்த ரோட்டுல பாதிப்பேருக்கு நீங்க சோறாக்கோணுமே."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். குருசாமி போன பிறகு சிரித்தது அதுதான். டீக்குக் காசு வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

தேடப் போன கண்ணில் வேறு சிலதும் பட்டன. மழை விட்ட ஒரு நாள் மலையிலிருந்து மேகம் இறங்கியது. மெதுவாக, அங்கங்கே நின்று, குனிந்து மேய்கிற மாதிரித்தான் இறங்கியது. அணைக்கட்டில் தண்ணீர் விரிந்து கிடந்ததைப் பார்த்தபோது பக்கத்தில் யாரிடமோ சொல்லத் திரும்பினாள். அங்கே யாரும் இல்லை. இதைத்தான் வா வா என்று கூப்பிட்டார் போல என்று நினைத்துக்கொண்டாள். பொட்டலம் ஒன்று தின்னப்படாமலே திரும்பி வரும். லைன் வீட்டு நாய்க்குப் போடுவாள்.

"எக்கா, ஒரு ஞாயிறாவது படுத்துத் தூங்கேன். ஒன் கால் என்னமா வீங்கியிருக்கு பாரு" என்றாள் பிரிசில்லா.

"பஸ்ஸுதான் ஓடுது பிரிசில்லா, நான் உக்காந்துதான் இருக்கேன்."

மாசி மாதம் மறுபடி கொமரலிங்கம் போனாள். அன்றைக்கு மரத்தைப் பார்க்கவில்லை என்பது உறுத்திக்கொண்டே இருந்தது. வெயில் இதமாக இருந்தது. தென்னந்தோப்பைத் தாண்டி ஆற்றை ஒட்டி நடந்தாள். ஒரு திருப்பத்தில் மரம் நின்றது. வேர் கரையில், தலை ஆற்றின் மேல். படத்தில் இருந்த மாதிரியே, அதே சாய்வு. வெள்ளைக்காரனின் கடல் மட்டும்தான் இல்லை. நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

வரப்பில் ஒரு கிழவி புல்லுக்கட்டோடு வந்தாள். காட்டு வேலைக்குப் போகிற பெண்கள் சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை மாட்டிக்கொள்வது வழக்கம்தானே. அவளும் மாட்டியிருந்தாள். மஞ்சள் பனியன். எத்தனையோ பார்த்தாயிற்று, இதுவும் ஒன்று என்று வெள்ளையம்மாள் வழி விட்டு ஒதுங்கினாள். தலையில் இருந்த கட்டு சரிய, கிழவி வலது கையைத் தூக்கிப் பிடித்தாள். அக்குளில் பச்சை நூல்.

வெள்ளையம்மாள் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஏனுங்க அம்மிணி, மயக்கமா? தண்ணி கொண்டாரட்டுங்களா?" கிழவி கட்டைக் கீழே போட்டாள்.

"இந்தப் பனியன்" என்றாள். "இது எங்க வீட்டுக்காரரோடது. நான் தச்சது."

கிழவி, அவள் பெயர் குழந்தையம்மாள், கையைத் தூக்கி அந்தப் பச்சைத் தையலைப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஐப்பசி மழையில வந்தாருங்க. நனைஞ்ச கோழியாட்ட அந்த மண்டபத்துல சுருண்டு குக்கியிருந்தாரு. தொட்டுப் பார்த்தா மேலு அனலாக் கொதிக்குது. எங்கூட்டுக்காரரு செத்து வருசம் திரும்பலீங்க, அவரு வெள்ளைச் சட்டை ஒன்னு பொட்டியில கெடந்துச்சு. அதைய மாட்டிவுட்டுட்டு இதைய அலசிக் காயப்போட்டனுங்க."

"உள்ளுக்குள்ள நம்பர் எழுதியிருந்தேனே."

"நம்பருங்களா. ஊதாக் கறையாட்ட என்னமோ இருந்துச்சுங்க. நல்லாக் கசக்கினேன், போயிருச்சு." குழந்தையம்மாள் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டாள். "எனக்குப் படிப்பு இல்லீங்க கண்ணு."

வெள்ளையம்மாள் கையை நீட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவுக பேரு, ஊரு சொல்லலையா?"

"கேட்டா பஸ் போற ஊரையெல்லாம் வரிசையாச் சொல்லுவாருங்க. பல்லடம், பொங்கலூரு, உடுமலைன்னு. கண்டக்டரா இருந்தவரு போலன்னு நாங்க நெனச்சம். நாயித்துக்கெழமை எப்ப வருதுன்னு கேப்பாரு. பொண்டாட்டியைக் கூட்டியாந்து மரத்தைக் காட்டோணும்பாரு. கஞ்சி ஊத்துனேன், மாத்திரை வாங்கிக் குடுத்தேன். தெளிஞ்சாப்பல இருந்துச்சு."

"நான் வந்தேன்" என்றாள் வெள்ளையம்மாள். "தீபாவளிக்கு முந்தின ஞாயிறு. மண்டபத்துல வெள்ளைச் சட்டை போட்டு ஒருத்தர் சொவத்துப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாக."

குழந்தையம்மாள் வாயில் முந்தானையை வைத்தாள். "அன்னைக்கு நானு பேத்தி கண்ணாலத்துக்குப் போயிட்டனுங்க."

ஆற்றில் தண்ணீர் போகிற சத்தம் கேட்டது. அக்கரையில் யாரோ மாட்டை அதட்டினார்கள்.

மீதியையும் கேட்டு வாங்கினாள். தீபாவளி கழித்துக் காய்ச்சல் திரும்ப வந்தது. ஆம்புலன்ஸ் வரவழைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிழைக்கவில்லை. ஊர் பஸ் ஸ்டாப்பில் ஒட்டியிருந்த நோட்டீசைப் படித்தவர்கள் இருந்தார்கள். அதில் மஞ்சள் பனியன் என்று போட்டிருந்தது, இவர் போட்டிருந்தது வெள்ளைச் சட்டை. படத்தில் மை பூசிய மாப்பிள்ளை, இவர் தாடிக் கிழவர். யாரும் இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை. ஊர்க்காரர்கள் உடலைக் கேட்டு வாங்கி வந்து, ஆற்றங்கரைச் சுடுகாட்டில் குழி வெட்டி அடக்கம் செய்தார்கள். குழந்தையம்மாளின் தம்பிதான் முதல் பிடி மண் போட்டவர்.

அந்த இடத்துக்கு நடந்தார்கள். மண் அமுங்கி, மேலே அருகு படர ஆரம்பித்திருந்தது. அங்கிருந்து பார்த்தாலும் சாய்ந்த தென்னை தெரிந்தது. வெள்ளையம்மாள் அழுவாள் என்று குழந்தையம்மாள் காத்திருந்தாள். அவள் அழவில்லை. கேட்டாள்.

"அவுக மொகம் எப்படி இருந்துச்சு?"

"என்னங்க?"

"மொகம். சொல்லுங்க."

குழந்தையம்மாள் யோசித்தாள். "தாடி வெச்சிருந்தாருங்க, பஞ்சாட்ட. நெத்தி ஏறு நெத்தி. சிரிச்சா கண்ணு ரண்டும் காணாமப் போயிரும். கஞ்சி குடிக்கறப்ப எடது பக்கமாவே ஒதுக்கி ஒதுக்கி மெல்லுவாரு."

"ஆமா. வலது கடவாய்ப் பல்லு இல்ல."

"பொருவத்து மேல ஒரு தழும்பு. சின்னதா, பிறை நெலாவாட்ட."

வெள்ளையம்மாள் அப்போதுதான் உடைந்தாள். அந்தத் தழும்பு அவள் போட்டது. எட்டு வயசிலோ ஒன்பது வயசிலோ, அத்தை வீட்டுக் களத்தில், மாமன் மகளைக் கட்ட மாட்டேன் என்று அவர் கேலி செய்ததற்குக் கல்லை விட்டெறிந்தாள். ரத்தம் ஒழுக ஒழுக, ஆட்டுக்குட்டி முட்டிவிட்டது என்று பெரியவர்களிடம் சொல்லிக் காப்பாற்றியவர் அவர். போலீஸ் ஸ்டேஷனில் அது நினைவுக்கு வரவில்லை. பச்சை நூல் வந்தது, கசிந்த நீலம் வந்தது, அது வரவில்லை.

அழுது ஓய்ந்ததும் குழந்தையம்மாள் பனியனைத் தலை வழியாகக் கழற்றப் போனாள். "நீங்க கொண்டு போங்க கண்ணு. உங்களுது."

"வேண்டாம். நீங்க புல்லறுக்கப் போடுங்க. கையைப் பாருங்க, எவ்வளவு கீறல்." சொல்லிக்கொண்டே அவள் விரல் தானாகப் போய், பனியன் ஓரத்தில் தொங்கிய ஒரு பிசிறைப் பிய்த்து எடுத்தது.

பையிலிருந்து இரண்டு பொட்டலங்களையும் எடுத்தாள். ஒன்றைப் பிரித்து மண்ணின் மேல் வைத்தாள். இன்னொன்றைத் தன் முன்னால் பிரித்தாள்.

"நான் கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போறேன்" என்றாள்.

"இருங்க சாமி" என்று குழந்தையம்மாள் எழுந்தாள். மேய வந்த ஆடுகள் சோற்றுக்கு வராமல் ஓட்டிவிட்டு, சற்றுத் தள்ளி இவள் பக்கம் முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். வெள்ளையம்மாள் மரத்தைப் பார்த்தபடி சோற்றைப் பிசைந்தாள்.